நாலு வருஷமாகப் பூக்காத மனோரஞ்சிதம்: வெட்டவா, காத்திருக்கவா?

துவைகல் ஓரம் (வீரவநல்லூர்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் புறவாசலைப் பற்றி வைகாசிக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்குப் பார்த்த வீடு. புறவாசல் வடக்கே, 14 அடி அகலம், 30 அடி நீளம். ஓட்டு வீடாக இருந்த காலத்தில் அங்கே நல்ல வெளிச்சம். பிச்சி பந்தல் நிறையப் பூக்கும், வெள்ளிக்கிழமை தெருவுக்கே கொடுப்போம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இடித்துக் கட்டி மாடியும் எடுத்தோம். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 22 அடி உயரம். மேற்கே பக்கத்து வீட்டு மாமரம் வேறு மதிலுக்கு மேல் கவிந்து நிற்கிறது. பிச்சி ஒரு வருஷம் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்து பட்டுப்போனது.

சரி, நிழலில் வருகிற செடியாக வைப்போம் என்று பெரணி வைத்தேன், சேம்பு வைத்தேன், ஃபுட்பால் லில்லிக் கிழங்கு நாலு ஊன்றினேன். பேட்டையில் இருக்கும் மைனி கொடுத்த இலையில் பிரம்ம கமலம் ஒரு தொட்டி. இதெல்லாம் என் விருப்பம். மனோரஞ்சிதம் மட்டும் அத்தைக்காக வைத்தது.

அத்தைக்கு 79 வயது. கல்லிடைக்குறிச்சியில் அவர்கள் பிறந்த வீட்டுக் கிணற்றடியில் ஒரு மனோரஞ்சிதம் புதராக நின்றதாம். பூவைக் கொண்டைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்களாம், வகுப்பு முழுக்க மணக்குமாம், யார் தலையில் என்று டீச்சருக்குக் கடைசிவரை தெரியாதாம். இதை எனக்குக் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் தென்காசி ரோட்டில் ஒரு நர்சரியில் வாங்கி வந்து, துவைகல்லுக்குப் பக்கத்தில், வீட்டுச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி நட்டேன். பதியன் செடி, அடுத்த வருஷமே பூக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் தையோடு நாலு வருஷம் முடிந்துவிட்டது. ஒரு மொட்டுகூடக் கண்ணில் படவில்லை.

செடி வாடவில்லை. இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் விடுகிறேன். கொம்பு நாலு பக்கமும் ஓடுகிறது. அதிலும் துவைகல் பக்கம் வருகிற கொம்பில் வளைந்த முள் மாதிரி கொக்கி வருகிறது, துணி துவைக்கும்போது சேலையைப் பிடித்து இழுக்கிறது. அதனால் வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஆளுயரத்துக்குக் கவாத்து பண்ணி விடுகிறேன். மறுபடியும் தளதளவென்று வந்துவிடுகிறது.

இன்னொன்று. அது நிழல் என்றுதான் பெரணி வைத்தேன், ஆனால் ஒவ்வொரு சித்திரையிலும் பெரணி கருகிப்போகிறது. காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டும் பயனில்லை. நிழலுக்குள் இருக்கிற செடி எப்படிக் கருகும் என்று எனக்கு விளங்கவே இல்லை. பிரம்ம கமலமும் மூன்று வருஷமாக மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, ஒன்றரை முழ நீளத்துக்கு வெறும் சாட்டை சாட்டையாக வளர்கிறது.

வீட்டில் பையன் வைகாசியில் புறவாசல் முழுவதும் சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, மழைக்காலத்தில் சகதியில் அத்தை ஒரு தடவை வழுக்கி விழுந்தார்கள். மனோரஞ்சிதத்தை வைத்திருந்தால் பூக்கும் என்று யாராவது அனுபவத்தில் சொன்னால் அவனிடம் பேசுவேன். பூக்காது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.


கரிசல்காட்டு வீடு (கயத்தாறு):

அக்கா, நாலு வருஷம் பார்த்தது போதும். நிழலில் பூச்செடி வராது. எங்கள் வீட்டிலும் ஒன்று இப்படித்தான் நின்றது, யூரியா ஒரு கைப்பிடி வைத்தும் பார்த்தோம், காடாக வளர்ந்ததே தவிர ஒன்றும் இல்லை. அதுபோக மனோரஞ்சிதத்துக்குப் பாம்பு வரும் என்று எங்கள் ஆச்சி வீட்டில் வைக்கவே விட மாட்டார்கள். வயசானவர்கள் நடமாடுகிற இடம். எடுத்துவிட்டு முன்வாசலில் செம்பருத்தி வையுங்கள், தினமும் பூ கிடைக்கும்.


பழைய வாத்தியார் (பாளையங்கோட்டை):

தங்கச்சி, செடியைப் பற்றிச் சொல்ல விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் 31 வருஷம் பூகோளம் நடத்தினவன், உங்கள் பெரணி ஏன் கருகுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அது தெரிந்தால் மற்றதும் ஓரளவு விளங்கும்.

உங்கள் புறவாசல் வருஷம் முழுவதும் நிழல் இல்லை. பாதி வருஷம்தான் நிழல். நம் பக்கம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 டிகிரியில் இருக்கிறது. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருஷத்தில் இரண்டு தடவை வரும். ஒன்று சித்திரை பிறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால், இன்னொன்று ஆவணி நடுவில். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாசமும் மத்தியான வெயில் நமக்கு வடக்கிலிருந்து விழுகிறது. அதாவது வீட்டின் நிழல் தெற்கே, உங்கள் தெருவாசல் பக்கம் விழும். புறவாசல் பொட்டவெளி. பங்குனியில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்த வெயில், சித்திரையில் பெரணி மேல் நேராக இறங்குகிறது. ஆறு மாசம் நிழலிலேயே இருந்து இலை மெலிந்த செடி அதைத் தாங்காது. தண்ணீர்க் குறையே இல்லை அது.

மார்கழியில் இதற்கு நேர்மாறு. மத்தியானத்தில்கூடச் சூரியன் தெற்கே 32 டிகிரி சாய்ந்து நிற்கும். 22 அடிச் சுவர் அப்போது வடக்கே போடுகிற நிழல் கிட்டத்தட்ட 14 அடி. உங்கள் புறவாசல் அகலமும் அதே 14 அடி. சுவரிலிருந்து 4 அடியில் நிற்கிற மனோரஞ்சிதத்தின் தூருக்கு, என் கணக்குப்படி, புரட்டாசி நடுவில் போன வெயில் பங்குனி பிறந்துதான் திரும்பி வரும்.

கணக்கை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். மாசம் பிறக்கிற அன்றைக்கு மத்தியானம் 12:20 வாக்கில் நிழல் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு செங்கல்லை வையுங்கள். நம் ஊரில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வராது, சில மாசம் 12:10, சில மாசம் 12:30-ஐ ஒட்டி வரும், அதனால் நடுவாக ஒரு நேரம் சொன்னேன். ஒரு வருஷத்தில் எந்தச் செடிக்கு எந்த இடம் என்று தரையே எழுதிக் காட்டிவிடும். பெரணியை மாமரத்தடிக்கு மாற்றிவிடுங்கள், அங்கேதான் சித்திரையிலும் நிழல் இருக்கும்.

பையனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முழுக்க சிமென்ட் போட்டால் அந்த நாலரை மாசமும் தரை கொதிக்கும், அடுக்களைக்குள் அந்த அனல் வரும்.


துவைகல் ஓரம்:

அண்ணாச்சி, படித்தவுடன் போய்ப் பார்த்தேன். இன்று மாசி 5. மத்தியான நிழல் சுவரிலிருந்து எட்டு அடி வாக்கில் முடிகிறது. முதல் செங்கல் வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் வெயில் பக்கம் மாறுகிறது என்று நான் கவனிக்கவில்லை. சித்திரையில் புறவாசலில் வடகம் காயப்போடுவதும் கார்த்திகையில் துணி காயவில்லை என்று மாடிக்குத் தூக்கிப்போவதும் நான்தான். இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை.


நாற்றங்கால் (இலஞ்சி):

அக்கா, உங்கள் பதிவில் ஒரு வரியைப் படித்துவிட்டு நெஞ்சு பக்கென்றது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சேலையைப் பிடித்து இழுக்கிறது என்று சொன்னீர்களே, அந்தக் கொக்கி முள் இல்லை. அதுதான் பூக்காம்பு.

மனோரஞ்சிதம் ஏறுகொடி. பாகல் மாதிரி பற்றுக்கம்பி கிடையாது. அதனால் பூக்காம்பையே தட்டையாக, கட்டியாக, கொக்கி போல வளைத்துப் பக்கத்து மரத்தைப் பிடித்து ஏறும். அந்தக் கொக்கியின் வளைவிலிருந்துதான் மொட்டு வரும், பெரும்பாலும் ஒன்று, சில சமயம் இரண்டு. கொக்கி தெரிய ஆரம்பித்துவிட்டால் செடிக்குப் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் வருஷா வருஷம் தையில் ஆளுயரத்துக்கு வெட்டும்போது கொக்கி வந்த கொம்பு மொத்தமும் போய்விடுகிறது. செடி மறுபடி இளங்கொம்பு விட்டு, அது முற்றி, கொக்கி கட்டி நிற்கும்போது அடுத்த பொங்கல் வந்துவிடுகிறது. உங்கள் செடி பூக்கத் தயாராகித்தான் நிற்கிறது அக்கா. தயவுசெய்து இனி கத்தரிக்கோல் வைக்காதீர்கள்.

துவைகல் பக்கம் வருகிற கொம்பைச் சணல் கயிறு போட்டு மெதுவாக மேற்கே வளைத்துக் கட்டுங்கள். ஒரு கல்தூணோ, பழைய இரும்புக் குழாயோ ஊன்றி அதில் ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது. தலை மேலே போகப் போக மாரிக்காலத்திலும் ஏதாவது வெளிச்சம் கிடைக்கும். வாத்தியார் ஐயா சொன்ன கணக்குப்படி பார்த்தால் உங்களுக்குப் பூ வெயில் மாசத்தில்தான் வரும், அதுவே போதும். இந்தச் செடிக்கு நாள் முழுக்க வெயில் தேவையில்லை, அரை நாள் கிடைத்தால் தாராளம்.

புண்ணாக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். அதில் தழைச்சத்துதான் அதிகம், இலை பளபளவென்று இருப்பது அதனால்தான். கயத்தாறு அண்ணன் யூரியா வைத்ததும் இதே கதைதான். நன்றாக மக்கிய தொழுவுரம் வருஷத்துக்கு இரண்டு தடவை, கூடவே இரண்டு கைப்பிடி எலும்புத்தூள். விறகடுப்புச் சாம்பல் இருந்தால் கொஞ்சமாகத் தூவலாம், நிறையப் போட்டால் மண் உவர்ப்பாகிவிடும். ஆடி மாசம் உங்கள் ஊரில் அடிக்கிற காற்றையும் மறக்கக் கூடாது. எங்களுக்கு இலஞ்சியில் காற்றோடு சாரலும் வந்துவிடும். வீரவநல்லூரில் வெறும் காற்றுதான், நிழலில் இருந்தாலும் மண்ணை உறிஞ்சிவிடும். தூரைச் சுற்றி வைக்கோலோ தேங்காய் மட்டையோ பரப்பி வையுங்கள்.

பதியன் என்று சொல்லி விற்றதைப் பற்றி: அடுத்த வருஷமே பூக்கும் என்றது உங்களுக்கு வந்தது விதைக்கன்றாக இருந்தால் நடக்காத காரியம். விதையில் வந்தது நாலைந்து வருஷம் எடுப்பது சாதாரணம், நிழலில் அதற்கு மேலும் ஆகும். வாங்குகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பத்துச் செடி குறைவாக விற்கும், பரவாயில்லை.

பாம்பு விஷயம். வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. மனோரஞ்சிதம் அடியோடு அடர்ந்து புதராகிவிடும், அதற்குள் ஈரம், தவளை, எலி எல்லாம் சேரும், அதைத் தேடித்தான் பாம்பு வரும். எந்தப் புதரிலும் அப்படித்தான். தரையிலிருந்து இரண்டு அடி வரைக்கும் உள்ள சிறு கிளைகளை மட்டும் எடுத்து, அடி தெரியும்படி வைத்துக்கொண்டால் போதும். வைக்கோலை அள்ளிக் குவிக்காமல் மெல்லிசாகப் பரப்புங்கள். கவாத்து என்றால் உங்களுக்கு அவ்வளவுதான்.

பூ வந்தால் சட்டென்று கண்ணில் படாது. இலை நிறத்திலேயே பச்சையாக, தடித்த இதழோடு தொங்கும். அப்போது வாசனையும் இருக்காது. சில நாள் கழித்து மஞ்சளாகும்போதுதான் மணம் வரும், பழுத்த பழம் மாதிரி. சீத்தாப்பழத்துக்குச் சொந்தக்காரச் செடிதான் இது, பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜாடை தெரியும். உங்கள் அத்தைக்கு மூக்கு நன்றாக இருந்தால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.


மச்சுப்படி (திருநெல்வேலி டவுண்):

அக்கா, மனோரஞ்சிதத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிரம்ம கமலத்துக்கு நான் சொல்கிறேன். எனக்கு இலை ஊன்றியதிலிருந்து முதல் பூவுக்கு நாலு வருஷம் ஆனது. போன ஐப்பசியில் ஒரே ராத்திரியில் ஏழு பூ.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நாம் வீட்டில் வைத்திருப்பது இமயமலையில் பூக்கிற பிரம்ம கமலம் இல்லை. அது வேறு செடி, உத்தரகாண்ட் மாநிலத்தின் மலர். நம்முடையது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கள்ளி. மலையாளத்தில் நிஷாகந்தி என்பார்கள். காட்டில் மரக்கிளைகளின் மேல் தொற்றி வளர்கிற கள்ளி என்று தெரிந்துகொண்டால் அதற்கு என்ன வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே வைக்கிற இருட்டு அதற்கு ஆகாது. வெளிச்சத்தைத் தேடித்தான் சாட்டையாக நீள்கிறது. காலை வெயில் எட்டு எட்டரை வரைக்கும் படுகிற மாதிரி கிழக்குப் பக்கம் தூக்கி வையுங்கள். சித்திரை மத்தியான வெயில் பட்டால் இலை மஞ்சளாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியை மாற்றாதீர்கள். என்னுடையது சின்னத் தொட்டி, வேர் நெருக்கிப்போய்தான் பூத்தது. நிறைய பேர் பாவமே என்று பெரிய தொட்டிக்கு மாற்றுகிறார்கள், செடி மறுபடியும் வேர் விடப் போய்விடுகிறது. மண் கட்டியாக இருந்தால் மட்டும் செங்கல் துண்டு, கரி, தேங்காய் நார் கலந்து ஒரு தடவை மாற்றிவிட்டு அப்புறம் தொடாமல் விட்டுவிடுங்கள். போர்த் தண்ணீர் விட்டு எனக்குத் தொட்டி ஓரமெல்லாம் வெள்ளை பூத்தது. இப்போது ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாயில் பிடித்து விடுகிறேன்.

அரும்பு இலை விளிம்பில் உள்ள பள்ளத்திலிருந்து வரும், முதலில் சிவப்பரிசி ஒன்று ஒட்டியிருக்கிற மாதிரி. அதைப் பார்த்த நாளிலிருந்து தொட்டியைத் திருப்பக்கூட வேண்டாம், உதிர்ந்துவிடும். எனக்கு மூன்று வாரம் கழித்து, தொங்கிக்கொண்டிருந்த மொட்டு கழுத்தை வளைத்து மேலே நிமிர்ந்தது. நிமிர்ந்துவிட்டால் அன்றோ மறுநாளோ விரியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்துப் பன்னிரண்டு மணிக்கு முழுசாக விரிந்தது. காம்பவுண்டில் உள்ள பிள்ளைகளையெல்லாம் எழுப்பிக் காட்டினேன். விடியும்போது துவண்டுவிட்டது. நாலு வருஷம் காத்ததற்கு அந்த நாலு மணி நேரம் எனக்குக் குறைவாகத் தெரியவில்லை.


துவைகல் ஓரம்:

ஆவணி 9. எல்லோருக்கும் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது.

மாசியில் நீங்கள் எழுதினதை எல்லாம் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் பழைய கொட்டகையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து வந்து ஊன்றினான். சிமென்ட் துவைகல்லைச் சுற்றியும் அடுக்களை வாசலிலிருந்து அங்கே போகிற மூன்றடிப் பாதைக்கும் மட்டும் போட்டிருக்கிறது. அத்தை பிடித்து நடக்க ஒரு கம்பியும் வைத்திருக்கிறான். மற்ற இடம் மண்ணாகவே இருக்கிறது.

வெட்டாமல் விட்டதில் கொம்பு குழாயைத் தாண்டி அடுக்களை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலிலிருந்து கை எட்டும் தூரத்தில் பதினொரு கொக்கி எண்ணினேன். ஆடி பூராவும் தினமும் காலையில் ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. காற்று போட்டு அலைத்ததில் இலைதான் உதிர்ந்தது.

முந்தாநாள் சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரம். அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், "ஏளா, யாரு வீட்டுல பலாப்பழம் அறுத்திருக்கா?" என்றார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு அவர்களே எழுந்து அடுக்களைக்கு வந்து ஜன்னல் பக்கம் நின்றார்கள். நான் டார்ச் அடித்துத் தேடினேன். நாற்றங்கால் அண்ணாச்சி சொன்ன மாதிரியே இலைக்கு அடியில், கொக்கி வளைவில், ஒன்று மஞ்சளாகத் தொங்கியது. பக்கத்துக் கொக்கியில் இன்னொன்று பச்சையாக இருந்தது, அதைத் தினமும் இலை என்று நினைத்துத் தாண்டிப்போயிருக்கிறேன்.

பறித்துக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னைக் குனியச் சொல்லி என் கொண்டையில் வைத்துவிட்டார்கள்.

பெரணி மாமரத்தடியில் இந்தச் சித்திரையைத் தாண்டிவிட்டது. ஃபுட்பால் லில்லி வைகாசியில் இரண்டு கிழங்கில் பூத்தது, மற்ற இரண்டையும் தோண்டிப் பார்க்காமல் விட்டு வைத்திருக்கிறேன். பிரம்ம கமலம் கிழக்கு ஜன்னலுக்குப் போய்விட்டது, சாட்டை விடுவது நின்று அகல இலையாக வருகிறது, அரும்பு இன்னும் இல்லை. வாத்தியார் அண்ணாச்சிக்கு: இதுவரை ஏழு செங்கல் வைத்தாயிற்று. சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் வைத்த நாலும் சுவர் ஓரத்திலேயே கிடக்கின்றன. ஆவணி பிறந்த அன்றைக்குப் பார்த்தபோதும் நிழல் தெற்கேதான், ஆனால் சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. இனி இந்தப் பக்கம் திரும்பும் என்று காத்திருக்கிறேன்.

இலஞ்சி அண்ணாச்சி, மைனிக்கு ஒரு பதியன் வேண்டுமாம். குழாய்க்குக் கீழே தரையோடு ஒரு கொம்பு ஓடுகிறது, அதில் கொக்கி இல்லை. ஐப்பசி மழையில் அதை மண்ணில் வளைத்துப் போடலாமா, அல்லது மேலே உள்ள முற்றின கொம்பில்தான் கட்ட வேண்டுமா? மேலே என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதில் மொட்டு இருக்கிறது.